இந்த ஆண்டுக் கச்சேரிகள்: வழக்கமாக வரும் கேள்விகளும் எங்கள் பதில்களும்

தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் முடிந்த கையோடு சிங்கப்பூரில் எங்கள் சபாவின் கர்நாடக இசைக் கச்சேரிகள் தொடங்குகின்றன. மொத்தம் ஆறு, ஆனி மாதத்துக்குள் முடிந்துவிடும். வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்பைப் போட்ட நாளிலிருந்து ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறோம். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டே விஷயம்: சங்கீதம் தெரியாது என்பதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். வந்தால், தனி ஆவர்த்தனம் (பாட்டு நின்று மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் எழுந்து போகாதீர்கள்.

எல்லா ஊரிலும் மார்கழியில்தானே கச்சேரி? நீங்கள் ஏன் மாசியில் தொடங்குகிறீர்கள்?

மார்கழியில் வித்வான்கள் எல்லோரும் சென்னையில் இருப்பார்கள், அவ்வளவுதான் காரணம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி வந்தது, டிசம்பர் சீசன் என்ற பழக்கமும் அதை ஒட்டியே வளர்ந்தது. இன்றைக்கு அந்த ஒரு மாதத்தில் ஒரு பாடகர் சபா சபாவாக ஓடுகிறார், நடுவில் நாலரை மணி நேரம் பறந்து சிங்கப்பூர் வந்து பாடிவிட்டுப் போங்கள் என்றால் யார் வருவார்கள்? பங்குனி பிறந்தால் அமெரிக்கப் பயணங்கள் ஆரம்பித்துவிடும், கிளீவ்லாந்து தியாகராஜ உற்சவத்தை ஒட்டியே பலரும் கிளம்பிவிடுவார்கள். நடுவில் கிடைக்கிற சின்ன இடைவெளிதான் நமக்கு. அதிலும் தைப்பூசம், சீனப் புத்தாண்டு வாரங்களில் வைத்தால் நாற்காலிகள்தான் கேட்கும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. டிசம்பரில் மெருகேறிய பல்லவிகள் நினைவில் சூடாக இருக்கும், பாடிக் களைத்த தொண்டைக்குச் சில வாரம் ஓய்வும் கிடைத்திருக்கும். மார்கழிக் கடைசியில் அதே பாடகரைச் சென்னையில் கேட்டுவிட்டு மாசியில் இங்கே கேட்டவர்களுக்கு நாங்கள் சொல்வது புரியும்.

சரி, ஆறு கச்சேரியில் என்னென்ன?

முதல் மூன்று வெளியூர்க் கலைஞர்களுடையவை. தொடக்கமாக ஒரு வாய்ப்பாட்டு. இரண்டாவது வீணை, அதுவும் மைக் இல்லாமல். மூன்றாவது மறுபடி வாய்ப்பாட்டு, ஆனால் அன்றைக்கு ராகம் தானம் பல்லவிதான் (ஒரு ராகத்தையும் அதில் ஒரே வரியையும் நீளமாக விரித்துப் பாடுவது) மையம், மற்ற உருப்படிகள் குறைவு. ஏப்ரலில் தமிழ்மொழி விழா மாதத்தை ஒட்டி முழுக்கத் தமிழ்ப் பாடல்கள், பாடுபவர்கள் உள்ளூர்க்காரர்கள். அடுத்தது ஒரு ஞாயிறு பிற்பகலில் நாகஸ்வரம். ஜூன் பள்ளி விடுமுறையில் முத்துசாமி தீட்சிதர் கிருதிகள் (பாடல்கள்), அதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

யார் பாடுகிறார்கள் என்று ஏன் இன்னும் சொல்லவில்லை?

பயணச்சீட்டும் அனுமதியும் கைக்கு வந்த பிறகுதான் பெயர் போடுவோம். பெயரைப் போட்டுவிட்டு ஆள் வராமல் போனால் பதில் சொல்லி மாளாது.

எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. வந்து என்ன செய்வேன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கேட்பவர்களில் பாதிப் பேர் இளையராஜா பாட்டில் எந்த இடத்தில் புல்லாங்குழல் வரும் என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள்! காது தயாராகத்தான் இருக்கிறது, மேடையில் என்ன நடக்கிறது என்கிற வரைபடம்தான் இல்லை. அதை இங்கே தருகிறோம்.

இன்று நாம் கேட்கிற கச்சேரியின் வடிவம் பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்தது. முதலில் ஒரு வர்ணம், பாடகரின் குரலும் நம் காதும் ஒருங்கே சூடாகும். அப்புறம் விறுவிறுப்பான இரண்டு மூன்று கிருதிகள். அதன்பிறகு ஒரு ராகத்தை எடுத்துச் சொற்களே இல்லாமல் விரிவாக ஆலாபனை செய்வார், வயலின்காரர் அதைத் தன் பங்குக்கு வாசிப்பார், பிறகு அந்த ராகத்தில் ஒரு பெரிய பாட்டு. பாட்டின் நடுவில் ஒரே வரியை வெவ்வேறு விதமாகப் பாடிக்கொண்டே போவது நிரவல். ச ரி க ம என்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவது கல்பனாஸ்வரம். இவை பெரும்பாலும் மேடையிலேயே பிறப்பவை, பாடகர் அடுத்து என்ன செய்வார் என்பது வயலின்காரருக்கே தெரியாது. அதன் முடிவில் தனி ஆவர்த்தனம், பிறகு சின்னச் சின்னத் துக்கடாக்கள், கடைசியில் மங்களம்.

முதல் தடவை வருகிறவர்கள் ராகத்தின் பெயரைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டாம், அது தானாக வரும். அதற்குப் பதில் வயலின்காரரைப் பாருங்கள். ஆலாபனையில் பாடகர் ஒரு சொற்றொடரை முடித்துவிட்டு மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில் அதன் வாலை மட்டும் பிடித்து வாசிப்பார். சில நேரம் பாடகரே திரும்பிப் பார்த்து 'பலே' என்பார். அதைக் கவனிக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் போனதே தெரியாது.

தாளத்துக்கு ஆதி தாளம் போதும், நிறையப் பாட்டு அதில்தான். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை, அப்புறம் தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. எட்டு. சுற்றிலும் இருப்பவர்களின் கையைப் பார்த்தாலே பத்து நிமிடத்தில் வந்துவிடும். சத்தமில்லாமல் போடுங்கள் என்பது மட்டும் வேண்டுகோள். தவறாகப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்து ஓங்கித் தவறாகப் போட்டால் மிருதங்கக்காரர் உங்களையே பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கும்.

தனி ஆவர்த்தனத்தில் போனால் என்ன? பாட்டு நின்றுவிடுகிறதே?

இதைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. சென்னையில் தனி என்றால் கேன்டீன் என்று ஒரு கேலியே இருக்கிறது. இங்கே கேன்டீன் கிடையாது, ஆனாலும் தனி தொடங்கியதும் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்கத்தான் செய்கிறது. இரண்டு மணி நேரமாக மற்றவருக்காக வாசித்த ஒருவர் தனக்காக வாசிக்கிற பதினைந்து நிமிடம் அது.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போக மனம் வராது. மிருதங்கமும் கடமும் இருந்தால் முதலில் ஆளுக்கொரு சுற்று நீளமாக வாசிப்பார்கள். அப்புறம் அந்த அளவைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கிக் குறைத்துக்கொண்டே வருவார்கள். அதற்குப் பெயரே குறைப்பு. கடைசியில் ஒரே ஒரு அட்சரத்துக்குள் (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்குள்) ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்கிற நிலை வரும். பிறகு இருவரும் சேர்ந்து மோரா என்ற முத்தாய்ப்பு, அதன்பின் கோர்வை என்ற முடிவுக் கணக்கு. கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள், மூன்றாவது முடிகிற இடம் பாட்டின் வரி தொடங்கும் இடமான எடுப்போடு போய்ச் சேரும், பாடகர் அங்கே வரியைப் பிடிப்பார். அரங்கம் முழுக்க அந்த ஒரு புள்ளிக்காகத்தான் தாளம் போட்டபடி காத்திருக்கிறது. வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தால் இதில் எதுவும் கிடைக்காது.

எங்கள் மிருதங்கக் கலைஞர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர்க்காரர்கள். பகலில் வேலை, மாலையில் வகுப்பு, இரவில் சாதகம் (வாசித்துப் பழகுவது) என்று இருப்பவர்கள். ஆண் பாடகர் ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடுவார், பெண் பாடகர் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையில் பாடுவார், இரண்டுக்கும் ஒரே மிருதங்கம் ஒத்துவராது. அதனால் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இவர்கள் வைத்திருக்கும் மிருதங்கங்களின் எண்ணிக்கையைப் பற்றி அந்த வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். கச்சேரிக்கு முன்னால் இடது பக்கத் தொப்பியில் பிசைந்த ரவையை அப்பி, வலது பக்கமான வலந்தலையின் விளிம்பைக் கல்லாலும் கட்டையாலும் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்க்க வேண்டுமானால் சற்று முன்னதாகவே வாருங்கள். வெளியே புழுக்கம், உள்ளே குளிரூட்டிய காற்று. ஈரம் குறையக் குறையத் தோல் இறுகிச் சுருதி ஏறும். அதனால்தான் அரங்கத்தை முன்கூட்டியே குளிர வைக்கிறோம், அதனால்தான் பாட்டுக்குப் பாட்டு அவர் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

மைக் இல்லாத வீணையா? பின்வரிசைக்குக் கேட்குமா?

கேட்கும், ஆனால் நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். எங்கள் அரங்கம் சின்னது. வீணையில் ஏழு தந்தி, அவற்றை அழுத்தி வாசிக்க இருபத்துநான்கு மெட்டு என்ற உலோகப் பட்டைகள். மெட்டுகள் கருப்பாகத் தெரியும் ஒரு மெழுகுக் கலவையில் பதிந்திருக்கும். இடது கைவிரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஒரே மீட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் வழுக்கிக்கொண்டு வரும், மீட்டிய ஒலி அடங்கி மறைகிற அந்தக் கடைசி நேரத்தில்தான் கமகம் எனப்படும் இந்த அசைவின் அழகே இருக்கிறது. மைக்கும் ஒலிபெருக்கியும் நடுவில் வந்தால் முதலில் தொலைவது அதுதான். மிருதங்கமும் அன்றைக்கு அடக்கி வாசிக்கும். இது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டோம், வழக்கமான ஒலியளவுக்குப் பழகிய காதுக்கு முதல் இரண்டு பாட்டு மெலிவாகத்தான் இருக்கும்.

தமிழ்ப் பாட்டு எவ்வளவு இருக்கும்? எல்லாம் தெலுங்கும் சமஸ்கிருதமுமாகத்தானே இருக்கிறது?

நியாயமான கேள்வி, புதியதும் இல்லை. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டி, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிப் பெரிய இயக்கமாகவே இதைப் பேசியிருக்கிறார்கள். தியாகராஜருக்கு முன்பே சீர்காழி வட்டாரத்தில் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் (1711–1779), மாரிமுத்தா பிள்ளை ஆகியோர் கீர்த்தனைகள் எழுதிவிட்டார்கள். பின்னால் கோபாலகிருஷ்ண பாரதி, அதற்கும் பின்னால் பாபநாசம் சிவன் (1890–1973). சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் குறை வேறு. தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள், ஆனால் கச்சேரி முடிகிற நேரத்தில், பாதிப் பேர் காலணி தேடிக்கொண்டிருக்கும்போது பாடுகிறார்கள். ஆகவே இந்த ஆண்டு எல்லா வாய்ப்பாட்டுக் கலைஞர்களிடமும் ஒன்று கேட்டிருக்கிறோம்: தனி ஆவர்த்தனத்துக்கு முன்பாக, ஆலாபனையோடு, ஒரு தமிழ்க் கிருதியாவது இருக்க வேண்டும். ஏப்ரல் கச்சேரியில் வர்ணத்திலிருந்து மங்களம்வரை தமிழ்தான், மெயின் உருப்படியும் தமிழ். அதற்காகத் தியாகராஜரை ஒதுக்குகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம், மற்றக் கச்சேரிகளில் அவர் இல்லாமல் எப்படி?

நாகஸ்வரத்தை ஏன் ஞாயிறு பிற்பகலில் வைத்தீர்கள்?

வெளிநாட்டு ஊழியர்களில் பலருக்கு அன்றுதான் ஓய்வு. தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களில் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் நிறைய. நம்மில் பலரைவிட அவர்களுக்குத்தான் தவில் காதுக்குப் பழக்கம். இந்த ஒரு கச்சேரிக்கு யாருக்கும் கட்டணம் இல்லை, முன்பதிவும் வேண்டாம், தங்கும் விடுதியிலிருந்து பத்துப் பேராகச் சேர்ந்து வந்தாலும் இடம் பிடித்துத் தருவோம்.

கல்யாணத்தில் கெட்டிமேளம் என்றதும் வாசிப்பதைத்தான் நாம் நாகஸ்வரம் என்று நினைத்துவிட்டோம். உட்கார்ந்து கேட்டால் அது வேறு. இன்றைய பெரிய நாகஸ்வரம் இரண்டரை அடி இருக்கும், ஆச்சா மரத்தில் செய்வார்கள். கும்பகோணத்துக்கு அருகில் நரசிங்கம்பேட்டையில் செய்யப்படுவதற்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாயில் வைக்கிற சீவாளி நாணலில் செய்தது, காற்றின் ஈரத்துக்குத் தகுந்தாற்போல் அதன் குணம் மாறும், அதனால்தான் வாத்தியத்திலிருந்து நூலில் கட்டி நாலைந்து சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். தவில்காரரின் வலது கைவிரல்களைப் பாருங்கள், வெள்ளையாகக் கூடு மாட்டியிருப்பார். இடது கையில் குச்சி. இந்தக் கச்சேரிக்கும் மைக் கிடையாது, காரணம் சொல்லத் தேவையில்லை. காது கூசுகிறவர்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களோடு வருகிறவர்கள் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் நல்லது, அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போகலாம்.

பிள்ளைகளுக்கென்றே வைத்தது ஜூன் கச்சேரி. 1775இல் திருவாரூரில் பிறந்த தீட்சிதர், இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் (பாடல் வரிகள்) எழுதினார். நோட்டுஸ்வரம் என்பார்கள். அதில் 'சியாமளே மீனாட்சி' என்பது பாலர் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் பாடுகிற 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான், 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். எங்கள் உள்ளூர் ஆசிரியர்களின் மாணவர்கள் முதல் அரைமணி நேரம் நோட்டுஸ்வரங்களைப் பாடுவார்கள், அதன்பிறகு பெரியவர்கள் கச்சேரி. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) இருக்கிறதே என்று தயங்கும் பெற்றோர்களுக்கு: ஜூன் விடுமுறையில் ஒரு மாலைதான்.

சிஃபாஸ் (சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம்) இருக்கிறது, எஸ்பிளனேட் கலை மையத்தில் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழா நடக்கிறது. இன்னொரு சபா எதற்கு?

சிஃபாஸ் 1949இல் தொடங்கியது, இங்கே முறையாகச் சங்கீதம் கற்றவர்களில் பலர் ஏதோ ஒரு வகையில் அதற்குக் கடன்பட்டவர்கள். எஸ்பிளனேட் அரங்குகளுக்கு நாங்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான். அவர்களுடைய பெரிய விழாக்களில் ஒரு கச்சேரிக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கும், நடனமும் மற்றதும் சேர்ந்திருக்கும். சின்ன அரங்கில் மூன்று மணி நேரம் அவசரமில்லாமல் ஒருவரைப் பாடவிடுவது எங்கள் ஆசை. போட்டி ஒன்றும் இல்லை. அவர்கள் நிகழ்ச்சி இருக்கும் நாளில் நாங்கள் வைப்பதில்லை.

டிக்கெட் எவ்வளவு? கல்ச்சர் பாஸ் செல்லுமா?

25 வெள்ளி. மாணவர்களுக்கும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் பாதி. நாகஸ்வரம் இலவசம் என்று மேலே சொல்லிவிட்டோம். சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த 100 வெள்ளி கல்ச்சர் பாஸ் தொகை 2028 கடைசிவரை செல்லும், ஆனால் தகுதிபெற்ற நிகழ்ச்சிகளுக்கு, அங்கீகரித்த டிக்கெட் நிறுவனங்கள் வழியாக மட்டுமே. எங்கள் கச்சேரிகளையும் அதில் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறோம். கிடைத்ததும் சொல்கிறோம், அதுவரை வாசலில் அதைக் காட்டி வாதாட வேண்டாம்.

எத்தனை மணிக்கு? எப்படி வருவது?

சனிக்கிழமை மாலை ஆறு மணி, ஒன்பதுக்குள் முடியும். ஆறு மணி என்பது அன்று காலை சென்னையிலிருந்து வந்திறங்கியவருக்கு மூன்றரை, தொண்டை இன்னும் பகல் தூக்கத்தில் இருக்கும், அதனால் பாடகர்களை ஒரு நாள் முன்னதாகவே வரவழைக்கிறோம். அரங்கம் தேக்கா பக்கம், ஃபேரர் பார்க் எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம். ரயிலில் வாருங்கள். நாகஸ்வரத்தன்று ஞாயிறு என்பதால் சிராங்கூன் சாலையில் காரை எடுத்து வந்து நிறுத்த இடம் தேடுவதற்குள் தொடக்கத்தில் வாசிக்கும் மல்லாரி முடிந்துவிடும்.

தாமதமாக வந்தால்?

பாட்டு முடிகிறவரை கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். ஆலாபனை தொடங்கியிருந்தால் கொஞ்சம் நீளமாகவே நிற்க வேண்டும்.

கைப்பேசியில் பதிவு செய்யலாமா?

கூடாது. ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் இல்லாமல், முதல் பாட்டுக்குள். முழுப் பதிவு எங்களிடம் இருக்கும், கலைஞர் சம்மதித்தால் உறுப்பினர்களுக்கு அனுப்புவோம்.

விருப்பப் பாடலுக்குச் சீட்டு எழுதி அனுப்பலாமா?

தனி முடிந்த பிறகு அனுப்பலாம். ஒரு சீட்டில் ஒரு பாட்டு. சினிமாப் பாட்டு வேண்டாம். வர்ணம் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடைக்குச் சீட்டு போவது எங்களுக்குப் பிடிக்காது, கலைஞர்களுக்கும் பிடிக்காது.

தமிழ் தெரியாத நண்பரை அழைத்து வரலாமா?

கட்டாயம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆங்கிலத்தில் நாலு வரிக் குறிப்பு அச்சிட்டுத் தருவோம். போன பருவத்தில் மேற்கத்திய இசை படித்த ஒரு சீன நண்பர் வந்திருந்தார், தனி ஆவர்த்தனத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது அவர்தான்.

சாப்பாடு, உடை?

அரங்குக்குள் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீர் மட்டும். பசித்தால் சிராங்கூன் சாலை முழுக்கச் சைவ உணவகங்கள்தான், 1947லிருந்து கோமள விலாஸ் இருக்கிறது. பட்டுப்புடவையும் வேட்டியும் கட்டாயமில்லை, ஜீன்ஸில் வாருங்கள். ஆனால் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், மிருதங்கத்துக்காகக் குளிர வைத்த அரங்கில் மூன்று மணி நேரம் உட்காரப் போகிறீர்கள்.

சக்கர நாற்காலிக்கு வசதி உண்டா?

உண்டு, மின்தூக்கி இருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் ஓரத்தில் இரண்டு நாற்காலிகளை எடுத்து இடம் விட்டு வைப்போம்.

பாடத் தெரியாது, ஆனால் உதவ ஆசை. என்ன செய்யலாம்?

தொண்டூழியர்கள் எப்போதும் தேவை. விமான நிலையத்துக்குக் கார் ஓட்ட இருவர், அதில் ஒருவரின் காரிலாவது வீணைப் பெட்டி படுக்கவைக்கிற அளவுக்குப் பின்னிருக்கை மடங்க வேண்டும். கலைஞர்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாத இரவு உணவு செய்து தர ஒரு வீடு. வாசலில் டிக்கெட் பார்க்க நால்வர். தனி ஆவர்த்தனத்தின்போது கதவருகில் நிற்க ஒருவர், கொஞ்சம் கண்டிப்பான முகமாக இருந்தால் நல்லது.